காலியாகத் திரும்புவதற்கான கட்டணம்

புவெர்த்தோ மோன்த்தில் மூன்றாம் நாளாக மழை.
கண்ணாடிக்கு அப்பால் எங்கள் ஒற்றை எஞ்சின் விமானம்
மூக்குத் துளைகளில் சிவப்பு அடைப்பான்களோடு நின்றது,
சளி பிடித்த குதிரை போல.

நொல்பெர்த்தோ ஓயார்சுன் உள்ளே வந்தார்.
ரப்பர் பூட்ஸ். சிப்பி வாடை.
மேசைமேல் ரொட்டிப் பை ஒன்றை வைத்தார்.
உள்ளே நோட்டுக் கட்டுகள்,
ஒவ்வொன்றுக்கும் வலை நூலில் ஒரு முடிச்சு.
"மெலின்காவுக்கு. நாளைக் காலை. நான் மட்டும்."

ஒன்பது இருக்கை, ஐயா.
"ஒன்றில்தானே உட்காரப் போகிறேன்."

படகு இருக்கிறதே என்றேன்
(முதலாளி காதில் விழுந்திருந்தால் என் வேலை போயிருக்கும்).
"படகு வெள்ளிக்கிழமை."
சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தோம், இருவரும்.
செவ்வாய்.

ஒரே எஞ்சின்தானா, அது நின்றுவிட்டால்?
எல்லோரும் கேட்பார்கள்.
சறுக்கும் தூரம், பறக்கும் உயரம், வழியிலுள்ள மணல்திட்டுகள் என்று
மனப்பாடமாய் ஒரு பதில் வைத்திருக்கிறேன்.
அவர் கேட்கவில்லை.
ஒரே குழாயில் மூச்சு வாங்கி
நாற்பது வருடம் கடலடியில் சிப்பி பொறுக்கியவருக்கு
ஒற்றை புதிதா என்ன.

அவர் விரல் வைத்தது
விலைச்சீட்டின் இரண்டாம் வரியில்.
"இது?"
திரும்பி வரும் செலவு.
"நான் திரும்பி வரவில்லையே."
விமானம் வரவேண்டுமே.
"அதில் யார் வருவார்கள்?"
விமானி. வேறு யாருமில்லை.
"ஆக, நான் இல்லாததற்கும் நானே கொடுக்கிறேன்."

பன்னிரண்டு வருடமாக இந்த மேசை.
சால்மன் பண்ணை முதலாளிகள், தேனிலவு ஜோடிகள்,
நாய்க்குத் தனி இருக்கை கேட்ட ஒரு பல் மருத்துவர்.
எவரும் அந்த வரியை வாசித்ததில்லை.

மழை கூரையில் எதையோ கொட்டிக்கொண்டிருந்தது.
"அப்படியென்றால் அந்த இருக்கைகளும் என்னுடையவை."
ஒப்பந்தப்படி, ஆமாம்.
"போனைக் கொடு."

அரைமணி நேரம் பேசினார். தீவின் உச்சரிப்பு,
பாதிச் சொற்களை விழுங்கிவிடும்; எனக்குப் பெயர்கள்தான் பிடிபட்டன.
பிறகு எடைத் தராசில் ஏறினார்: எண்பத்தொன்று.
பூட்ஸோடா?
"பூட்ஸோடு."
பயண நோக்கம் என்ற கட்டத்துக்குள்
பள்ளிப் பையனின் குண்டெழுத்தில் எழுதினார்:
சொந்த விஷயம்.

புதன். மேகம் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தது.
ரோசமெல் பாரியா அடைப்பான்களைப் பிடுங்கினான்.
எஞ்சின் முதலில் சீறியது, பிறகு ஊளையிட்டது,
பிறகு ஒடுபாதை முழுக்க அது மட்டுமே இருந்தது.
காலி இருக்கை எட்டுக்கும்
அவரே பெல்ட் மாட்டிவிட்டாராம்.
வழியில் பேச்சே இல்லை; ஒரே ஒருமுறை
கட்டைவிரல் பெரிதாகத் தெரிந்த தீவைக் காட்டி,
"இதைச் சுற்ற எனக்கு ஒரு பகல் ஆகும்" என்றாராம்.

மதியம் வானொலியில் ரோசமெல்:
திரும்புகிறேன். பயணிகள் எட்டு.
சற்றுப் பொறுத்து:
ஒரு சேவலும்.

இறங்கினார்கள்.
கன்னம் வீங்கிய தபால்காரி, ஆறு நாளாகப் பல்வலி.
பாகப் பத்திரத்தில் கையெழுத்திட அண்ணனும் தம்பியும்,
முகம் பாராமல், முதல் வரிசையிலிருந்து ஒருவர், கடைசியிலிருந்து ஒருவர்.
நர்ஸ் தேர்வுக்கு ஒடிலியா, பென்சிலைக் காதில் செருகியபடி.
கண் காட்ட வந்த மூவர்.
ஒன்றுக்கும் வராத பேக்கரிக்காரர்:
"மேலிருந்து என் புகைபோக்கி தெரிகிறதா என்று பார்த்தேன். தெரிகிறது."
சேவல் யாருடையது என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

அவர் எதற்காக வந்தார் என்று தபால்காரியிடம் கேட்டேன்.
கடிதங்களை எல்லாம் பார்த்தவள், அவளுக்குத் தெரிந்திருக்கும்.
கன்னத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு,
"சொந்த விஷயம்" என்றாள்.

ராத்திரி கணக்கு முடித்தேன்.
எங்கள் படிவத்தில் திரும்பும் பயணத்துக்கு நேரே
'காலி' என்று அச்சாகவே வரும்.
அதை அடித்துவிட்டு எட்டு என்று எழுதினேன்.
எடைக் கட்டத்தில்
சேவல், பெட்டியோடு,
மூன்றே கால் கிலோ.