சாவியோடு ஒரு குறிப்பு

கொதிகலனைப் பற்றி முகவர் சொல்லியிருப்பார்.
நான் சொல்ல வேண்டியது
தெற்குச் சுவரோரத்து லூப்பின்கள்.

பதினோரு செடி.
ஆறு ஊதா, நான்கு சிவப்பு.
மிச்சமிருக்கும் ஒன்று என்ன நிறமென்று
எர்லெண்டும் நானும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.
ஜூனில் நீங்களே பாருங்கள்.

ஆர்க்னியில் காற்றுக்கு விடுமுறை கிடையாது.
மே மாதமே குச்சி ஊன்றிவிடுங்கள்;
பூத்தபின் ஊன்றுவது
விழுந்தவனுக்குக் கைத்தடி நீட்டுவது.

இரவில் டார்ச்சோடு போய் நத்தை பொறுக்க வேண்டும்.
திருடி என்று நினைத்துப் பக்கத்துவீட்டு ஃப்ளெட்
ஒருமுறை போலீஸுக்குப் போன் செய்துவிட்டார்.
இப்போது முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

உரம் வேண்டாம். பட்டாணிக்குப் பங்காளி,
தன் சோற்றைத் தானே வேரில் பொங்கிக்கொள்ளும்.
பூத்து முடிந்த தண்டை உடனே வெட்டுங்கள்.
நாய் இருந்தால் காய் பக்கம் விடாதீர்கள்: விஷம்.

கடற்கரைச் சிப்பிமணல் மட்டும் கூடவே கூடாது.
எனக்கு ஆச்சரியம் தர
எர்லெண்ட் இரண்டு தள்ளுவண்டி கொண்டுவந்து கொட்டினான்.
அத்தனையும் சுண்ணாம்பு.
ஒரே மாதத்தில் இலையெல்லாம் மஞ்சள்.
உன் அன்பே சுண்ணாம்புதான் என்று கத்தினேன்.
கொஞ்சம் அதிகம்தான்.

மழை விட்டதும்
விரிந்த விரல்களாய் இருக்கும் ஒவ்வொரு இலையின் நடுவிலும்
ஒரே ஒரு துளி நிற்கும்.
அதற்கு நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

மேசை அவனுக்கு, அலமாரி எனக்கு,
நாய் வாரம் மாறி வாரம்.
செடிகளையும் பிரித்துக்கொள்ளலாமே என்றார் வழக்கறிஞர்.
மண்வெட்டியோடு போனேன்.
ஒன்றைச் சுற்றி வெட்டிப் பார்த்தேன்:
ஆணிவேர், என் முழங்கை மறையும் ஆழம்,
அதற்கும் கீழே.
மண்ணைத் திரும்பத் தள்ளி மூடினேன்,
அதன்மேல் கொஞ்ச நேரம் நின்றேன், இறுகட்டும் என்று.
பிழைத்துவிட்டது.
ஆனாலும் எதற்கும் மே வரை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரலில் வரும் இளந்துளிரை
அடிவேர்த் துணுக்கோடு சீவினால்
மணல்தொட்டியில் பிடிக்கும்.
அவன் கேட்டு வரக்கூடும். கூச்சக்காரன்,
வாசலில் வானிலையைப் பற்றியே பேசிக்கொண்டு நிற்பான்.
அந்த நிறம் தெரியாத செடியில் ஒரு துளிர் கொடுங்கள்.

சென்ற வாரம் நானும் ஒன்று எடுத்தேன்.
அதை அவனிடம் சொல்ல வேண்டாம்.

பின்கதவைச் சற்றுத் தூக்கினாற்போல் தள்ளினால்தான் திறக்கும்.

தோரா