பதினோராம் பந்தி

கொழும்பிலிருந்து கட்டளை
ஆங்கிலத்தில் வந்திருந்தது.
கல்முனை நீதிமன்றப் பின்னறை, மின்விசிறி.
தாள் பறக்காமல் முத்திரைக்கட்டையை ஏற்றிவைத்து
மொழிபெயர்த்துக்கொண்டு போனேன்,
பதினோராம் பந்தி வரைக்கும்.

உதுமாலெவ்வையின் உரிமை 'ஆர்கியுபிள்' என்றிருந்தது.

'வாதிடத்தக்கது' என்று எழுதினேன்.
அவருடைய சட்டத்தரணி எட்டிப் பார்த்து
"நமக்கு வழக்கிருக்கு" என்றார்.
அடித்துவிட்டு 'விவாதத்துக்குரியது' என்றேன்.
பூபாலப்பிள்ளையின் மகள் சிரித்தாள்:
"அப்ப அது சந்தேகம்தானே, மிஸ்."

அகராதியில் தேடினேன்.
இரண்டு பொருளும்
ஒன்று, இரண்டு என்ற இலக்கங்களோடு
ஒரே வளவில் குடியிருந்தன,
சண்டை பிடிக்காமல்.

வழக்கோ
சம்மாந்துறை வட்டையில் இரண்டடி வரம்பு.
பதினேழு போகமாக
இரவில் யாரோ செதுக்க
விடியலில் யாரோ அணைக்க
வளைந்து வளைந்து
நில அளவையாளரே
புள்ளிக்கோடாய்ப் போட்டுவிட்டுப் போன வரம்பு.

விறாந்தையில் உதுமாலெவ்வை
தொப்பியைக் கழற்றி விசிறியபடி கேட்டார்:
"அந்தச் சொல்லு என்ன செல்லுது?
ஓமெண்டுதா, இல்லயெண்டுதா?"

"ரெண்டுந்தான்."

கொஞ்சம் யோசித்தார்.
அடுத்த வாங்கில் இருந்த பூபாலப்பிள்ளையிடம்,
பதினேழு போகத்துக்குப் பிறகு முதன்முதலாய்,
"கேட்டியா காணும்,
இங்கிலீசுலயும் வரம்பு வெட்டிரிக்கானுகள்" என்றார்.
அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.
தோள் மட்டும் குலுங்கியது.

நாலு மணிக்குப் பதிவாளர் கேட்பார்.
பதினோராம் பந்தியில்
பென்சிலால் ஒரு வட்டம்,
உள்ளே இன்னும் எதுவுமில்லை.