மீதிக் கோட்டு

சாரிட்டி கடையில் ஏழு பவுண்டு.
கறுப்பு ட்வீட். கிட்டப் போய்ப் பார்த்தால்தான்
கறுப்புக்குள் சாம்பலும், சாம்பலுக்குள்
யாரோ கைதவறிச் சிந்தியதுபோல் கொஞ்சம் நீலமும்.
இடுப்புக்கு நாலு விரல் மேலேயே
முடிந்துவிடுகிறது.

"குட்டை ஜாக்கெட். இப்போது எல்லாரும் இதுதான்"
என்றாள் கடையிலிருந்த மோர்வென்,
வாயில் கவ்விய குண்டூசியை எடுக்காமலே.
கண்ணாடி முன் திரும்பினேன்.
தோள் சொன்னபடி கேட்டது.
முதுகின் அடிப்பாதிக்கு மட்டும்
ஒன்றும் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து உட்புறம் திருப்பினேன்.
ஓரத் தையல் தையல்காரர் போட்டதில்லை.
ஒன்று நீளம், அடுத்தது அவசரம்,
மூன்றாவது எங்கோ கிளம்பிப் போய்
வழி கேட்டுத் திரும்பி வந்திருந்தது.
பொத்தான் மூன்று.
பைகள் இல்லை.
பை தொடங்கவிருந்த இடத்தில்
ஒரு விரற்கடை நூல்,
சொல்ல வந்து நிறுத்தினாற்போல்.

ஆக, குட்டையாய்ப் பிறந்ததில்லை இது.
வெட்டியிருக்கிறார்கள்.

இஸ்திரிப் பெட்டி சுட்டிருக்கும் என்றான்
பஸ் டிப்போவில் ஃபெர்கஸ்.
புருஷனோடு சண்டை என்றாள் லோர்னா
(அவளுக்கு எல்லாமே புருஷனோடு சண்டைதான்).
நான் அந்துப்பூச்சியை நம்பினேன்.

நவம்பர் முழுக்கப் போட்டேன்.
கை வைக்க இடமில்லாமல்
கைகளைக் கட்டிக்கொண்டே நடந்தேன்.
நிறுத்தத்தில் ஒருவர் கேட்டார், "கோபமா?"
இல்லை,
பை இல்லை.

பிறகு ஒரு ஞாயிறு. ப்ராட்டி ஃபெரி கடற்கரை.
டே ஆறு கடலைத் தொடும் இடத்தில்
காற்று எல்லாரையும் ஒரே பக்கமாய்ச்
சீவிவிட்டிருந்தது.
எதிரே வந்துகொண்டிருந்தது
என் ஜாக்கெட்டின் கீழ்ப்பாதி.
நாலு காலில்.

பந்தயம் ஓடி ஓய்ந்த கிரேஹவுண்ட்.
விலா எண்ணலாம் அப்படி ஓர் உடம்பு.
அதன்மேல் கறுப்பு, சாம்பல், அதே நீலம்,
வயிற்றுக்கடியில் பழைய பெல்ட்,
மீதி இரண்டு பொத்தான்,
பக்கத்துக்கொன்றாய் மூடி வைத்த இரண்டு பை.

நாய்க்குப் பை!

அதுதான் முதலில் நெருங்கியது.
என் ஓரத் தையலை மோந்தது,
தன் தோளை மோந்தது,
மறுபடி என்னை,
கடைசித் தொகை இடிக்கும் கணக்கப்பிள்ளைபோல்.
பிறகு என் முழங்காலில்
முழு எடையோடு சாய்ந்துவிட்டது.

நெட்டா என்று பெயர், ஆள் என் தோளுக்குத்தான் வந்தாள்.
"இவன் பிஷப்" என்றாள்.
"போன ஜனவரியில் கூட்டிவந்தேன்.
கென்னலில் ஒரு துண்டுத் துணிகூடத் தரவில்லை.
அன்று ராத்திரி மீட்டரில் காசு தீர்ந்துவிட்டது.
வீட்டில் தடித்த துணி இது ஒன்றுதான்.
முழுசாய்ப் போர்த்தினால் காலில் தடுக்குகிறான்.
சரி, பாதி போதுமென்று..."
இரண்டு விரலைக் கத்தரியாக்கிக் காட்டினாள்.

"மேல்பாதி?"
"இரண்டு வாரம் போட்டேன். முதுகில் குளிர் ஏறியது.
அப்புறம் இந்த மழைக்கோட்டு.
அசிங்கம். ஆனால் நீளம்."

என்னை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.
"என்மேல் அது இப்படி உட்கார்ந்ததில்லை."
பாராட்டா, குறையா,
காற்றில் சரியாகக் கேட்கவில்லை.

தூறல் போட்டது.
பிஷப்பின் வலப் பையிலிருந்து
வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டாள்.
இடப் பையிலிருந்து பிஸ்கட், பாதி அவனுக்கு.
கட்டியிருந்த என் கைகளைப் பார்த்து
"வைத்துக்கொள், ஒன்றும் சொல்லமாட்டான்"
என்று பையின் மூடியைத் தூக்கிப் பிடித்தாள்.

குனிந்து கையை விட்டேன்.
பிஸ்கட் தூள். ஒரு பஸ் டிக்கெட்.
லைனிங்குக்கு அந்தப் பக்கம், சூடாக,
நின்ற இடத்திலேயே
ஓடிக்கொண்டிருந்தது ஏதோ ஒன்று.