பச்சை மூடி

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி, காலை ஒன்பதே கால்.
தோசை சுடுகிற அதே கேஸில்தான்
எங்கள் ஃபிளேம் போட்டோமீட்டரும் எரிகிறது.
ரத்தத்தின் உப்பு மஞ்சளாய் எழுந்து
சுடரை முழுசாய் மூடிக்கொள்ளும்.
அதற்குள், சிவப்புக் கண்ணாடிக்கு மட்டும் தெரிகிற மாதிரி,
லித்தியம்.

செய்யதலி பாத்திமா, முப்பத்துநாலு, மேலப்பாளையம்.
ராத்திரி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் என்று
சீட்டில் இருந்தது.
சுழற்றி எடுத்தேன். பிளாஸ்மா
ஆறின கஞ்சியின் மேல்தெளிவு போல நின்றது.
மூன்று புள்ளி இரண்டு.

மூன்று புள்ளி இரண்டில் ஒருத்தி
வராந்தாவில் உட்கார்ந்து
பிள்ளைக்குத் தயிர்சாதம் ஊட்ட முடியாது.
நாக்குக் குழறும். கால் சொன்னபடி கேட்காது.
எட்டிப் பார்த்தேன், ஊட்டிக்கொண்டிருந்தாள்.
நடக்கச் சொன்னேன்.
டைல்ஸ் கோடு பிசகாமல் நடந்து போய்த் திரும்பி
"எதுக்கு மேடம்?" என்றாள்.

அப்புறம்தான் குப்பியைப் பார்த்தேன்: பச்சை மூடி.
ரத்தம் உறையாதிருக்க உள்ளே பூசிய ஹெப்பாரினிலேயே
லித்தியம் இருக்கிறது.
இவ்வளவு நேரமும் குப்பியை அளந்திருக்கிறேன்.

சிவப்பு மூடியில் மறுபடி எடுத்தோம்.
உறைய அரை மணி.
சுடரில் மஞ்சள், மஞ்சள், வெறும் மஞ்சள்.
பூஜ்யம் புள்ளி பூஜ்யம்.

"கை நடுங்குது மேடம். நூல் சுத்தையில நழுவுது.
ஆயிரம் பீடிக்கு நூத்தம்பது கழிவுன்னு தள்ளிருதான்.
மூணு வாரமாப் போடல.
டாக்டர்ட்ட சொல்லிராதிய."

போன வருஷம் ஆறு ராத்திரி தூங்காமல்
ஜங்ஷன் பாலத்தில் போகிறவர் வருகிறவருக்கெல்லாம்
வளையலைக் கழற்றிக் கொடுத்ததை
அவள் சொல்லவில்லை. கேஸ் சீட்டில் இருந்தது.

எங்கள் அலகு மில்லிமோல், ஆயிரத்தில் ஒன்று.
அவளுடையது ஆயிரம்.

எண்ணை மட்டும் எழுதி அனுப்பினால்
மாடியில் ஒருவர் அளவைக் கூட்டுவார்.
கூட்டியதை ஏதோ ஒரு பயத்தில்
அவள் முழுசாய் விழுங்கவும் செய்வாள்.
பூஜ்யம் புள்ளி ஆறிலிருந்து ஒன்று வரை என்று
வரம்பு அச்சடித்திருக்கிறது.
நூல் நழுவாத அளவு எதுவென்று அச்சடிக்கவில்லை.

கேஸை மூடினேன்.
"நீங்களே சொல்லுங்க, நான் பக்கத்துல நிக்கேன்."
அவள் முன்னால், நான் பின்னால் படியேறினோம்.
பிள்ளை என் இடுப்பில்.
வெள்ளைக் கோட்டில் அதன் சோற்றுக் கை.