பொருளில் மாற்றமில்லை

மண்டபம் சுங்கக் கிடங்கு,
இரண்டாவது அலமாரி, கீழ்த் தட்டு.
வழக்குப் பொருள் பதினான்கு:
மரப்பெட்டி ஒன்று, உள்ளே சுருட்டு இருபத்தைந்து.
பாம்பனுக்குத் தெற்கே, விடியுமுன்,
ஐஸ் பெட்டிக்கு அடியில் பிடிபட்டது.
படகோட்டி தங்கச்சிமடம் சந்தியாகு மகன் பிரிட்டோ,
வயது இருபத்திரண்டு.
"நண்டுன்னு சொல்லித்தான் ஏத்துனாங்க."

முதல் முறை மூடியைத் திறந்தபோது
பஸ் ஸ்டாண்டு மதிலோரத்து நெடி.
மதுரையிலிருந்து வந்த ஆய்வக உதவியாளர் தேனப்பன்
கர்ச்சீப்புக்குள்ளிருந்து சொன்னார்:
இளசு மேடம், அம்மோனியா போகவே ஒரு வருஷமாகும்.
ஒன்றைக் கொளுத்தினார், சோதனைக்காக.
வெறும் மிளகு. இருவருக்கும் கண்ணில் நீர்.
அறிக்கை: புகையிலை. நிக்கோடின் உண்டு.

வழக்கு தள்ளிப் போனது.
நீதிபதி மாற்றம். அரசு வக்கீல் விடுப்பு.
சாட்சி, இறால் பண்ணைக்கு ஆந்திரா போய்விட்டார்.
பொருள் கெட்டால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று
எனக்கு முன்னிருந்தவர் சாவியோடு சொல்லிப் போனதால்
அந்தப் பெட்டிக்குக் காற்றுப் பார்க்கக் கற்றேன்.
வாடைக்கு மரம் ஊறி மூடி இறுகும்.
கச்சானுக்கு மேலிலை காய்ந்து வெடிக்கப் பார்க்கும்.
சூடு ஏறினால்
இலைக்குள் தூங்கும் வண்டு முட்டை விழித்துக்கொள்ளும்.
ஏசி அறைக்கு மாற்றினேன்.
அங்கிருந்த கடல் அட்டை மூட்டைகளை வெளியேற்றினேன்.
சுருட்டு பக்கத்து வாசனையைத் திருடும்.
கடத்தல் பொருள்தானே.

ஈரம் காட்டும் முள்ளை நம்ப முடியாது.
வாலிநோக்கம் உப்பை சோடா மூடியில் போட்டு
நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு
முள்ளோடு டப்பாவில் அடைத்து வைத்தால்
மறுநாள் எழுபத்தைந்து காட்ட வேண்டும்.
என்னுடையது எண்பது காட்டியது.
அன்றிலிருந்து ஐந்தைக் கழித்தே வாசித்தேன்,
பெட்டியை மட்டுமல்ல.

நாலாம் வருஷம், இரண்டாவது மாதிரி.
மிளகு வற்றத்துக் கடல்போல் உள்வாங்கியிருந்தது.
அடியில் கிடந்ததெல்லாம் தெரிந்தது:
வறுத்த முந்திரி, கோகோ,
பெட்டி மரம் கொடுத்த மெல்லிய இனிப்பு.
தேனப்பன் பாதியில் அணைக்க வேண்டியவர் அணைக்கவில்லை.
அறிக்கை: புகையிலை. நிக்கோடின் உண்டு.

எட்டாம் வருஷம் மேலெல்லாம் வெள்ளைப் பொடி.
பூஞ்சை என்று பயந்து இரவெல்லாம் தூங்கவில்லை.
விரலால் தொட்டேன். கறையில்லாமல் போயிற்று.
உள்ளிருந்த எண்ணெய்தான் பொறுமையிழந்து
வெளியே வந்திருந்தது.
உலர்திராட்சை. பழைய பெல்ட்டின் தோல்.
பெயர் தெரியாத இன்னொன்று.
அறிக்கை அதேதான். நகலெடுத்தே அனுப்பினார்கள்.

வாய்தாவுக்கு வாய்தா ராமநாதபுரம் கோர்ட்டு வராந்தாவில்
பிரிட்டோ கேட்பான், "அக்கா, அது நல்லாயிருக்கா?"
தங்கை பிள்ளையை விசாரிக்கிற மாதிரி.
ஒருமுறை கூட அவன் அதைப் பார்த்ததில்லை.
நெற்றி ஏறியிருந்தது அவனுக்கு.

பதினோராம் வருஷ மாதிரியில் எதையோ தேட வேண்டியிருந்தது.
"இதுக்கு மேல வெச்சா காகிதம்தான்," என்றார் தேனப்பன்.

தீர்ப்பு வந்தது. குற்றம் நிரூபணமாகவில்லை.
ஐஸ் பெட்டியை உரியவரிடம் ஒப்படைக்கவும்.
பொருள் பதினான்கைத் தீயிட்டு அழித்து அறிக்கை அனுப்பவும்.

கிடங்குக்குப் பின்னால் குழி. மீதி இருபத்தொன்று.
டீசல் ஊற்றவா என்றார் வாட்ச்மேன் முனியராஜ்.
வேண்டாம் என்றேன்.
பெட்டி மரத்தையே சீவிப் பற்றவைத்தேன்.

அவசரமில்லாமல் எரிந்தது.
ஐஸ் பெட்டிக்குக் கையெழுத்துப் போட வந்த பிரிட்டோ
குழிக்குக் கிழக்கே நின்றுவிட்டான்.
புகை அவன்மேல் போனது. நகரவில்லை.
"இதுவாக்கா?"
இதுதான் என்றேன்.
நன்றாக இழுத்து மூச்சு விட்டான்,
பதினோரு வருஷத்துக்கு அது போதுமா தெரியவில்லை.

படிவத்தை நிரப்பினேன்.
பொருளின் நிலை: மாற்றமில்லை.
எண்ணிக்கை: இருபத்தொன்று.
நேரம்: மாலை ஐந்து பத்து.
காற்றுக்கு அதில் கட்டமில்லை.
ஓரத்தில் எழுதி வைத்தேன்: கச்சான்.