கணியம்

கடியப்பட்டணத்தில் இருந்து மேற்கே ஓடி
எஞ்சினை அணைத்துத் திரும்பிப் பார்த்தால்
எங்கள் கோயில் கோபுரத்துக்குப் பின்னால்
ஒரு மலை வந்து நிற்கும்.
தொப்பிக்காரன் என்போம்.
கோபுரமும் தொப்பியும் ஒரே கோட்டில் வந்தால்
வள்ளத்துக்குக் கீழே பார்.
பாரில் கலவா.

இருபத்தாறு வருடம்
கடலில் நின்று மட்டுமே பார்த்த மலை.

“அதுல ஏறினா என்னப்பா?”
என்றாள் டெல்பினா.
காலாண்டுப் பரீட்சை முடிந்திருந்தது.
பள்ளிக்கூடப் பையைக் கவிழ்த்துப் புத்தகங்களைக் கொட்டினாள்.
நான் எடுத்து வைத்தேன்:
வள்ளத்துத் தார்ப்பாய், மஞ்சள் கயிறு,
அவித்த மரச்சீனி, நெத்திலிக் கருவாடு,
ஒரு கிலோ உப்பு.
“உப்பு எதுக்கு?”
“தெரியாது மக்ளே. கையில இருக்கட்டு.”

கீரிப்பாறையில் பஸ் எங்களை இறக்கிவிட்டுத் திரும்பியது.
ரப்பர் மரங்கள் தீர்ந்த இடத்தில்
வனத்துறைக் கடிதத்தைப் பார்க்காமலே
மாதேவன் காணி என் பையை முகர்ந்தார்.
“கருவாடா?”
“ஆமா.”
“கரடியும் கூடச் சாப்பிட வரும், பாத்துக்கிடும்.”

அன்று ராத்திரி
பாறை மறைவில் நாங்கள் படுத்திருக்க
தொலைவில் ஒரு மரக்கொம்பில்
என் கயிற்றில், என் முடிச்சில்
மணந்துகொண்டு தொங்கியது நெத்திலி.
அதை யாரும் சாப்பிடவில்லை, கரடியும்கூட.

உப்பு உதவியது.
அட்டை கடித்த இடத்திலெல்லாம்
ஒரு நுள்ளு வைத்தாள், சுருண்டு விழுந்தது.
அவள் காலில் பதினான்கு. என் காலில் எண்ணவில்லை.

மறுநாள் எனக்குக் கால் ஒத்துவரவில்லை.
ஆடுகிற பலகையில் நிற்கப் பழகியது
ஆடாத பாறையில் நடுங்கியது.
ஈற்றைப் புல் தலைக்கு மேல்.
காற்று எந்தத் திக்கு என்று தெரியவில்லை.
என் பையைக் கேளாமல் வாங்கி
நெஞ்சில் ஒன்று முதுகில் ஒன்றாக
முன்னால் போனாள் பதின்மூன்று வயசு.
“பைய வாங்கப்பா.
கீழ பாக்காதீங்க.”
வள்ளத்தில் முதல்நாள் அவளிடம் நான் சொன்னது அது,
அதே குரலில்.

மூச்சு வாங்க நின்றபோது
காணியிடம் கேட்டேன்:
“இந்த மலைக்கு உங்க ஆளுவ என்ன பேரு சொல்லுவினும்?”
அவர் யோசித்தார்.
ஓடைக்குப் பேர் உண்டு, அந்த வளைவுக்குப் பேர் உண்டு,
யானை உரசின பாறைக்கும் உண்டு.
மொத்தத்துக்கும் சேர்த்து
பேர் ஒன்றும் வைக்கவில்லையாம்.
“உள்ளுக்குள்ள இருக்கிறவனுக்கு எதுக்கு?”

உச்சியில் தொப்பி இல்லை.
நாலு பாறை, ஒரு குட்டை மரம்,
மழைத்தண்ணீர் தேங்கிய ஒரு குழி.
மற்றதெல்லாம் மேகம்.
மரத்தில் கயிற்றைக் கட்டி
எங்கள் இருவர் இடுப்பிலும் சுற்றினேன்.
காணி சிரித்தார். சிரிக்கட்டும்.

ஒரு மணிக்கூர் கழித்து மேகம் கிழிந்தது.
பச்சை, பச்சைக்கு அப்புறம் ஓடு மேய்ந்த புள்ளிகள்,
அப்புறம் துடைத்து வைத்த தகரம் போல் ஒரு பட்டை.
கோபுரம் எது என்று எனக்கே தெரியவில்லை.
பார் எங்கே, நீரோட்டம் எங்கே,
ராத்திரி முழுக்க நான் மிதக்கிற இடம் எங்கே,
எல்லாம் ஒரே தகரம்.

டெல்பினா ஒரு கண்ணை மூடி
பெருவிரலை நீட்டிப் பிடித்தாள்
நான் கடலில் பிடிப்பதுபோல.
இடப்பக்கம் நகர்த்தினாள், வலப்பக்கம்.
ரொம்ப நேரம்.
“இங்கேருந்து பாத்தா
நீங்க தெரியலப்பா”
என்றாள்.

நான் அவள் பக்கத்தில்தான் நின்றேன்.
ஒரே கயிற்றில்.

மேகம் திரும்ப மூடிக்கொண்டது.
இறங்கும்போது மழை. கயிற்றை அவிழ்க்க மறந்தோம்.

செவ்வாய் விடியலில் எஞ்சினை அணைத்தேன்.
தொப்பிக்காரன் தெளிவாக நின்றான்.
“கருவி காட்டுதே, இன்னும் எதுக்கு மலையப் பாக்கீரு?”
என்றான் கூட வந்த சகாயராஜ்.
இரண்டு பாகம் கயிறு, மஞ்சள்,
அங்கே கிடக்கிறது என்றேன்.
கண்ணைச் சுருக்கிப் பார்த்தான்.
“ஒண்ணும் தெரியலியே.”
“தெரியாது” என்று
வலையை இறக்கினேன்.