பதினான்கு அடி அகலம்

முகப்பிலிருந்து போலிக்கல்லை உரித்தெடுக்க
ப்ரூயிட் வந்தது திங்கட்கிழமை, காலை ஏழரை.
உளியில் முதல் அடி விழுந்ததும்
பக்கத்து வீட்டு மார்வின் ஹ்ரூஷ்கா
உள்ளாடையோடு படியில் வந்து நின்றார்:
"ராத்திரி முழுக்கப் பேருந்து ஓட்டிவிட்டு இப்போதுதான் படுத்தேன்.
என் தலையணைக்குள்ளேயே இடிக்கிறீர்களே."

சுவருக்கும் காது உண்டென்பது மற்ற ஊர்களில்.
பால்டிமோரில் எங்கள் சுவருக்கு
இருமலும் உண்டு, தும்மலும் உண்டு,
தோற்ற ஆட்டத்துக்குத் திட்டவும் தெரியும்.
பதினான்கு அடி வீடு.
இரு பக்கமும் பாதிச் சுவர் இன்னொருவருடையது.

வேலையை மதியம் இரண்டுக்குத் தள்ளினோம்.

போலிக்கல் என்றால் மூன்று பூச்சு சிமெண்ட்,
மேலே சாயம், காயுமுன் கீறிய கோடு.
தெருமுனையிலிருந்து பார்த்தால்
ஏதோ கோட்டைக்குத் தூரத்து உறவு.
ஐம்பத்து நாலில் தவணைக்கு விற்றார்களாம்,
இனி ஆயுசுக்கும் வண்ணம் பூசவேண்டாமென்று.
பொய்யில்லை. யாரும் பூசவில்லை.

அடியில் செங்கல்.
ஒன்று விடாமல் ஆணித் துளை.
"கம்பிவலை நிற்க அடித்தது," என்றார் ப்ரூயிட்,
ஒரு துளையில் சுண்டுவிரலை வைத்து,
அம்மைத் தழும்பைத் தொடுகிறவர் மாதிரி.

மரபுக் குழுவின் கடிதம் வந்தது:
முகப்பு அசல் நிலைக்குத் திரும்பவேண்டும்.

எந்த அசலுக்கு?
கட்டியபோது சன்னலில் மேலே இரண்டு, கீழே இரண்டு கண்ணாடி.
பிறகு யாரோ அதை அகலத் திறந்து ஒற்றைக் கண்ணாடி வைத்தார்,
நெற்றியில் வண்ணப் பிறை, அதற்குள் 417;
அந்த ஏழு கொஞ்சம் குடித்திருக்கிறது.
அதற்கும் பிறகு மாடிப்படியை நெருக்கிக் குளியலறை.
அதனால்தான் என் கட்டில்
கயிற்றில் ஊசலாடி மாடிச் சன்னல் வழியே ஏறியது.
பின்பக்கச் சமையலறை
எந்தக் காலத்திலும் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை.
பொய்க்கூரையைப் பிய்த்தபோது
மேலே ஒரு கூரைக்கண்ணாடி, முழுக்கத் தார்.
போர்க்கால இருட்டடிப்பு என்கிறார் ப்ரூயிட்.
ஒழுகியிருக்கும் என்கிறார் மார்வின்.

மாறாதது வாசற்படி மட்டும். மூன்று.
சலவைக்கல் என்று பெயர்;
சனிக்கிழமைதோறும் சலவையும் நடந்திருக்கிறது,
வாளியும் பிரஷ்ஷும் முழங்காலுமாக.
நடுப்படியில் ஒரு குழிவு.
மிதித்ததா தேய்த்ததா, கல்லைக் கேட்டால் தெரியாது.

வெள்ளிக்கிழமை எல்லைக்கு வந்தோம்.
மார்வின் முகப்பின் கடைசிக் கல்
என் பக்கம் மூன்று விரல் நீண்டிருந்தது.
"சட்டப்படி உங்களுடையது," என்றார் ப்ரூயிட்
அறுவை இயந்திரத்தைக் கையில் பிடித்தபடி,
"ஆனால் வெட்டினால் அவர் மூலை உதிரும்."
மார்வினுக்கு அன்று இரட்டை ஷிஃப்ட்.
சுவர் வழியே குறட்டை, ஒரே சீராக.

குழுவின் படிவத்தில் 'விலகல்கள்' என்றொரு கட்டம்.
மூன்று விரல் அகலம் என்று எழுதினேன்.
'காரணம்' என்ற இடத்தில் யோசித்துவிட்டு:
பக்கத்து வீடு தூங்குகிறது.